வெயில் வேலைக்குத் தண்ணீர் மட்டும் போதுமா?

கட்டட வேலையில் நேரம் குறித்து நிழலில் ஓய்வு தருவதைக் கட்டாயமாக்க வேண்டுமா என்று புனைபெயர்களில் மூவர் விவாதிக்கிறார்கள்.

தளப்பொறுப்பு: நேரம் குறித்து நிழல் ஓய்வு கட்டாயம் என்பதை நான் ஏற்கவில்லை. கான்கிரீட் போடும்போது பாதியில் நிறுத்தினால், பழையதும் புதியதும் ஒட்டாமல் அந்த இடம் பலவீனமாகிவிடும். கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர் வையுங்கள், களைத்தவர் தானே உட்காரட்டும். உடம்பு வெயிலுக்குப் பழகிவிடும்.

வெப்பநலம்: பழகும், ஆனால் ஒன்றிரண்டு வாரம் ஆகும். சாவுகள் முதல் சில நாட்களில்தான் அதிகம். அதனால்தான் புதியவருக்கு முதல் நாள் வழக்கமான வேலை நேரத்தில் 20 சதவீதம் மட்டும் வெயிலில், பிறகு நாளுக்கு 20 சதவீதம் வரை கூட்டு என்கிறது அமெரிக்காவின் தொழிலாளர் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனமான நியோஷ் (NIOSH).

"தானே உட்காரட்டும்" என்பதுதான் ஆபத்து. செய்த வேலையை அளந்து கூலி வாங்குபவர் உட்காரமாட்டார். உடல்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் மூளை குழம்பும். "எனக்கு ஒன்றுமில்லை" என்று அவர் சொல்வதை எப்படி நம்புவது? தசை செலவழிக்கும் ஆற்றலில் முக்கால் பங்கு வெப்பமாகிறது. புழுக்கத்தில் வியர்வை காயாவிட்டால், எவ்வளவு குடித்தாலும் அந்த வெப்பம் வெளியேறாது.

தளப்பொறுப்பு: அப்படியானால் இன்னும் அதிகம் குடிக்கச் சொல்லலாமே?

வெப்பநலம்: 15–20 நிமிடத்துக்கு 240 மி.லி. போதும். மணிக்கு 1.4 லிட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரத்தத்தில் சோடியம் இறங்கி வாந்தி, வலிப்பு வரலாம். மணிக்கணக்கில் வியர்த்தால் உப்புச்சத்தும் சேர வேண்டும். உடம்புவலிக்கு இப்யூபுரூஃபன் போட்டுக்கொண்டு வெயிலில் இறங்குவது சிறுநீரகத்துக்கு இரட்டை அடி. எல் சால்வடோர், நிகரகுவா கரும்பு வெட்டும் தொழிலாளர்கள் பலருக்குச் சர்க்கரை நோய் இல்லாமலே சிறுநீரகம் கெடுகிறது. கடும் வெப்பத்தில் உழைப்பும் நீரிழப்பும்தான் முக்கியச் சந்தேகம்.

கருந்தோல்: வெயிலுக்குத் தோலில் பூசும் சன்ஸ்கிரீன் களிம்பும் வீண். கருத்தவர்களுக்குத் தோல் புற்றுநோய் அரிது.

வெப்பநலம்: அரிது என்பது சரிதான். ஆனால் கருத்த தோல் கண்ணைக் காக்காது. புரையும், வெள்ளைவிழியிலிருந்து கருவிழி மேல் சதை வளர்வதும் எந்த நிறத்தவருக்கும் வரும். அகல விளிம்புத் தொப்பியும் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியும் வேண்டும்.

தளப்பொறுப்பு: புதியவர் விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். கான்கிரீட் நாளுக்கு என்ன வழி?

வெப்பநலம்: விடியும் முன் தொடங்குங்கள். ஆட்களை இரண்டு குழுவாக்கி மாற்றிவிடுங்கள், வேலை நிற்காது.

தளப்பொறுப்பு: ஆள்கூலி ஏறும். அதை ஒப்பந்தத் தொகையிலேயே சேர்க்காவிட்டால் எந்த மேற்பார்வையாளரும் செய்யமாட்டார்.

வெப்பநலம்: சேர்க்கத்தான் வேண்டும். அதுவரை ஒன்று: யாராவது உளறினால் ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, அது வருமுன்பே நிழலில் கிடத்தி, உடம்பு முழுக்கக் குளிர்ந்த நீர் ஊற்றி விசிறுங்கள். வியர்க்கிறதே என்று அலட்சியம் வேண்டாம். ஹீட் ஸ்ட்ரோக்கிலும் வியர்க்கும். நினைவு தடுமாறுபவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.