புதுப்பிப்பு: பாராசிட்டமால் அதிகமாகிப்போன சித்தப்பா

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் அளவுக்கு மேல் போட்டுவிட்டார், ஆனால் நன்றாகத்தான் இருக்கிறார், ஆஸ்பத்திரிக்குப் போகணுமா என்று இங்கே கேட்டிருந்தேன். "உடனே கிளம்புங்க" என்று விரட்டியவர்களுக்கு நன்றி. வீடு திரும்பிவிட்டார்.

அந்த "நன்றாக இருப்பது"தான் ஏமாற்று. முதல் 24 மணி நேரம் வெறும் குமட்டல், சிலருக்கு அதுகூட இருக்காது. கல்லீரல் அடிபடுவது பிறகுதான் தெரியவரும். இதற்கான விஷமுறிவு மருந்து அசிட்டைல்சிஸ்டீன், 8 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம், தாமதமானாலும் கொடுப்பார்கள். ஒரே தடவையில் விழுங்கியிருந்தால் 4 மணி நேரம் கழித்து ரத்தத்தில் அளவு பார்த்து முடிவெடுப்பார்களாம். இவர் விட்டு விட்டுப் போட்டதால் அந்தக் கணக்கு செல்லாது என்று, ரிப்போர்ட் வருவதற்கு முன்பே அந்த மருந்தை டிரிப்ஸில் ஏற்றிவிட்டார்கள்.

கையோடு கொண்டுபோன காலி அட்டைகள்தான் விஷயத்தைக் காட்டிக்கொடுத்தன. சளி மாத்திரை அட்டையின் பின்னால், பொடி எழுத்தில், பாராசிட்டமால் 500 மி.கி.! தனியாகப் போட்ட 650 மி.கி. பாராசிட்டமால் மாத்திரை வேறு. பெரியவர்களுக்கே நாளுக்கு 4 கிராம்தான் உச்சவரம்பு. குடிப்பழக்கமோ கல்லீரல் கோளாறோ இருந்தால் இன்னும் குறைவு.

உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்கச் சொன்ன அன்பருக்கு: டாக்டரிடம் கேட்டேன், கூடவே கூடாதாம்.