ஆன் செய்த சில விநாடியில் தானாக ஆஃப் ஆகும் டெஸ்க்டாப்: எங்கிருந்து தேடுவது?

கேள்வி

பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன் எல்லாம் சுற்றுகிறது. திரையில் மதர்போர்டு லோகோ வருவதற்குள் பட்டென்று ஆஃப் ஆகிவிடுகிறது. காலையில் முதல் முறை போட்டால் 3, 4 விநாடிதான் தாங்கும். விடாமல் திரும்பத் திரும்பப் போட்டால் ஒரு கட்டத்தில் விண்டோஸ் வரை போய்விடும், அதன் பிறகு நாள் முழுக்க ஓடும். கேம் திறந்தால் மட்டும் மறுபடி ஆஃப். நீலத்திரை இல்லை, எர்ரர் மெசேஜ் இல்லை. போர்டில் ஸ்பீக்கர் இல்லாததால் பீப் சத்தமும் கேட்க வழியில்லை.

6 கோர் ப்ராசஸர், அதோடு வந்த கூலர், 8 ஜிபி டிடிஆர்4 ரேம் இரண்டு, தனி கிராபிக்ஸ் கார்டு, ஒரு எஸ்எஸ்டி, ஒரு ஹார்ட் டிஸ்க், 450 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை). எல்லாமே 6 வருடப் பழசு. ரேமைக் கழற்றித் துடைத்து மாட்டியாயிற்று. விண்டோஸை ரீஇன்ஸ்டால் செய்தால் சரியாகும் என்கிறார்கள், உண்மையா? மல்டிமீட்டர் இருக்கிறது.

பதில் 1

ரீஇன்ஸ்டால் வேண்டாம். லோகோவுக்கு முன்பே கரண்ட் போகிறதென்றால் விண்டோஸ் இன்னும் டிஸ்கிலிருந்து எழுந்திருக்கவே இல்லை, அதைக் குறை சொல்ல முடியாது. விண்டோஸின் பதிவுகளைக் காட்டும் ஈவன்ட் வியூயரைத் திறந்தால் கர்னல்-பவர் 41 என்று இருக்கும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். போன முறை ஒழுங்காக ஷட்டவுன் ஆகவில்லை என்று அடுத்த பூட்டில் எழுதப்படும் குறிப்பு அது, அவ்வளவுதான்.

போன் ஸ்டாப்வாட்சை வைத்து, எத்தனை விநாடியில் அணைகிறது என்று பாருங்கள். பாதி விடை அதில் இருக்கிறது.

ஒரு விநாடிக்குள், ஃபேன் ஒரு துள்ளு துள்ளி நின்றுவிட்டால் ஷார்ட் சர்க்யூட். எஸ்எம்பிஎஸ்ஸின் பாதுகாப்பு வேலை செய்கிறது. மதர்போர்டுக்கு அடியில் துளை இல்லாத இடத்தில் பித்தளை ஸ்டாண்ட்ஆஃப் (போர்டைத் தாங்கும் குட்டித் தண்டு) இருக்கிறதா, கழன்ற திருகு ஏதும் கிடக்கிறதா என்று பாருங்கள். டிஸ்க்கின் சர்க்யூட் போர்டு ஷார்ட் ஆனாலும் இதே அறிகுறிதான். இந்த நிலையில் சில எஸ்எம்பிஎஸ், சுவரிலிருந்து ப்ளக்கைப் பிடுங்கி ஒரு நிமிடம் விட்டால்தான் மறுபடி ஆன் ஆகும்.

ஒவ்வொரு முறையும் கிட்டத்தட்ட 4 விநாடி என்றால் பவர் பட்டன். பட்டன் 4 விநாடிக்கு மேல் அழுத்தப்பட்டிருந்தால் போர்டு கட்டாயமாக ஆஃப் செய்யும். பட்டன் உள்ளேயே சிக்கிக்கொண்டால் நீங்கள் கையை எடுத்த பிறகும் போர்டுக்கு அது அழுத்தியபடிதான் தெரியும். கேபினட்டிலிருந்து வரும் பவர் சுவிட்ச் வயரைப் போர்டிலிருந்து கழற்றிவிட்டு, அந்த இரண்டு பின்னையும் ஸ்க்ரூ டிரைவர் முனையால் ஒரு கணம் தொட்டு ஆன் செய்யுங்கள். ஆகும் செலவு பூஜ்யம், இதை முதலில் செய்யுங்கள்.

10 விநாடி முதல் ஒரு நிமிடம், அதுவும் உடனே திரும்பப் போட்டால் இன்னும் சீக்கிரம் அணைகிறது என்றால் சூடு. கூலரின் நாலு பிளாஸ்டிக் ஊசியில் ஒன்று கழன்றிருந்தாலே போதும். உங்கள் கதை இதற்கு நேர் எதிர், திரும்பத் திரும்பப் போட்டால் தேறுகிறது. அதனால் சூடு மேல் எனக்குச் சந்தேகம் குறைவு. பயாஸ் (விண்டோஸுக்கு முன் வரும் போர்டின் செட்டிங் திரை) வரை போக முடிந்தால் ப்ராசஸர் வெப்பநிலையைப் பார்த்துவிடுங்கள்.

யூஎஸ்பி ஓவர் கரன்ட் என்று மெசேஜ் காட்டி 15 விநாடியில் அணையும் போர்டுகளும் உண்டு. மெசேஜ் வரவில்லை என்கிறீர்கள், விட்டுவிடலாம். ஆனாலும் முன்பக்க யூஎஸ்பி சாக்கெட்டில் பின் வளைந்திருக்கிறதா என்று ஒரு பார்வை.

பதில் 2

கூடவே எல்லாத்தையும் கழட்டிட்டு குறைந்தபட்சத்துல போட்டுப் பாருங்க. போர்டு, ப்ராசஸர், கூலர், ஒரே ஒரு ரேம், எஸ்எம்பிஎஸ். டிஸ்க் ரெண்டோட பவர் கேபிளையும் எடுத்துடுங்க, டேட்டா கேபிள் மட்டும் எடுத்தா பத்தாது. ப்ராசஸர்லயே கிராபிக்ஸ் இருந்தா கார்டையும் எடுங்க. நாலு ஸ்லாட் போர்டுன்னா ஒத்தை ரேமுக்குப் பெரும்பாலும் ப்ராசஸர் பக்கத்துல இருந்து ரெண்டாவது ஸ்லாட், மேனுவல்ல போட்டிருக்கும்.

இப்ப நிலையா நின்னா ஒவ்வொண்ணா மாட்டுங்க. ஒரே நேரத்துல ரெண்டு மாட்டினா எது காரணம்னு தெரியாது. ப்ராசஸருக்கான 8 பின் கேபிளையும் அழுத்தி விடுங்க, பாதி உட்கார்ந்து நிக்கிற கேஸ் நிறைய.

எஸ்எம்பிஎஸ் தனியா பார்க்கணும்னா: எல்லா கேபிளையும் கழட்டிட்டு, 24 பின் கனெக்டர்ல பச்சை வயரையும் பக்கத்துக் கறுப்பையும் ஒரு பேப்பர் கிளிப்பால இணைச்சுட்டு, பின்பக்க சுவிட்சைப் போடுங்க. பச்சை 16வது பின், 15ம் 17ம் கறுப்பு. வயர் எல்லாமே கறுப்பா இருந்தா பின் எண்ணை வச்சுத்தான் பார்க்கணும், குத்துமதிப்பா குத்தாதீங்க.

கேட்டவர்

பவர் சுவிட்ச் வயரைக் கழற்றிப் போட்டும் அதேதான். பயாஸில் ப்ராசஸர் 38 டிகிரி. ப்ராசஸரில் கிராபிக்ஸ் கிடையாது, அதனால் கார்டோடுதான் சோதித்தேன். டிஸ்க்குகள் இல்லாமல் சற்று மேல், ஆனால் முழுதாகச் சரியாகவில்லை. பேப்பர் கிளிப் வைத்து அளந்ததில் 12.1, 5.0, 3.3 வோல்ட். அப்படியானால் எஸ்எம்பிஎஸ் நல்லது என்றுதானே அர்த்தம்?

பதில் 3

இல்லை. பேப்பர் கிளிப் சோதனையில் தோற்றால் எஸ்எம்பிஎஸ் கெட்டது என்று சொல்லலாம். தேறினால் ஒன்றும் சொல்ல முடியாது, ஏனெனில் அங்கே சுமையே இல்லை. உங்கள் மெஷின் விழுவது சுமை ஏறும்போதுதான்: ஆன் செய்ததும் டிஸ்க், ஃபேன், கார்டு எல்லாம் ஒன்றாக இழுக்கும் கணம், அப்புறம் கேம்.

எல்லாவற்றையும் பழையபடி மாட்டிவிட்டு, ஓட்டத்தில் அளக்க வேண்டும். பயன்படுத்தாத 4 பின் மோலெக்ஸ் கனெக்டர் ஒன்று தொங்கினால் அதுவே வசதி. மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5, நடுவில் உள்ள இரண்டு கறுப்பும் கிரவுண்ட். மீட்டரில் MIN/MAX (குறைந்தபட்ச, அதிகபட்ச அளவைப் பிடித்து வைக்கும்) வசதி இருந்தால் போட்டுவிட்டு ஆன் செய்யுங்கள், கண்ணால் பிடிக்க முடியாத சரிவைக்கூட ஓரளவு காட்டும். ஏடிஎக்ஸ் தர அளவு 5 சதவீதம் மேலே கீழே: 12 வோல்ட் 11.40க்கும் 12.60க்கும் நடுவில், 5 வோல்ட் 4.75க்கும் 5.25க்கும் நடுவில் நிற்க வேண்டும்.

24 பின்னில் 8வது, சாம்பல் நிற வயரையும் கவனியுங்கள். எல்லா வோல்டேஜும் சரி என்று எஸ்எம்பிஎஸ் போர்டுக்குச் சொல்லும் சிக்னல் அது. ஆன் செய்த அரை விநாடிக்குள் 5 வோல்ட்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அது விழுந்தால் போர்டும் விழும்.

குளிர்ந்திருக்கும்போது மோசம், சூடேறினால் தேறுகிறது என்பது எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் மின்சாரத்தைத் தேக்கும் கெபாசிட்டர் பழசானதன் அடையாளம். உள்ளே உள்ள திரவம் வற்ற வற்ற அதன் உள்மின்தடை ஏறும், குளிரில் இன்னும் ஏறும். நீங்கள் திரும்பத் திரும்பப் போடுவது அதைக் கொஞ்சம் சூடாக்கிவிடுகிறது. மதர்போர்டிலும் ப்ராசஸரைச் சுற்றி உள்ள கெபாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் திறக்காதீர்கள். ப்ளக்கை எடுத்த பிறகும் உள்ளே பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

கேட்டவர்

மோலெக்ஸில் அளந்தேன். ஆன் ஆனதும் 12 வோல்ட் 11.2க்கு இறங்கி ஆஃப். ஓடும்போது 11.5, கேம் திறந்தால் மறுபடி சரிவு. 5 வோல்ட் அசையவில்லை. போர்டில் எதுவும் உப்பவில்லை.

பதில் 3

எஸ்எம்பிஎஸ்தான், மாற்றுங்கள். மாற்றுவதற்கு முன் யூபிஎஸ், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எதுவும் இல்லாமல் நேராகச் சுவர் ப்ளக்கில் ஒரு முறை போட்டுப் பாருங்கள், அந்தச் சந்தேகமும் போகட்டும்.

புதிதாக வாங்கும்போது லேபிளில் மொத்த வாட்டைப் பார்த்து ஏமாற வேண்டாம், 12 வோல்ட் லைனில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 36 ஆம்பியர் என்றால் 432 வாட். இன்றைய மெஷினில் ப்ராசஸரும் கார்டும் இழுப்பது கிட்டத்தட்ட முழுக்க அந்த லைனில்தான். கார்டு தயாரிப்பாளர் சொல்லும் வாட் அளவுக்குக் கீழே போகாதீர்கள்.

பழைய யூனிட் மாடுலர் (கேபிளைத் தனியாகக் கழற்றக்கூடியது) என்றால் அதன் கேபிளைப் புதியதில் செருகக் கூடாது. போர்டு பக்க முனை ஒரே மாதிரி இருந்தாலும் எஸ்எம்பிஎஸ் பக்கப் பின் வரிசை மாடலுக்கு மாடல் மாறும். தவறினால் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 போய் டிஸ்க் கருகும்.

பதில் 1

புதிய எஸ்எம்பிஎஸ்ஸிலும் அணைந்தால் ஒன்று மட்டும் அளங்கள். ப்ளக்கை எடுத்து, 8 பின் கேபிளைக் கழற்றிவிட்டு, போர்டில் அந்தச் சாக்கெட்டின் மஞ்சள் வயர் வரும் பின்னுக்கும் கறுப்பு வரும் பின்னுக்கும் இடையே ஓம் பாருங்கள். எண் மெதுவாக ஏறிக்கொண்டே போனால் கெபாசிட்டர் நிரம்புகிறது, பயமில்லை. ஒன்றிரண்டு ஓமிலேயே நின்றால் ப்ராசஸருக்குப் பவர் தரும் மாஸ்ஃபெட் (சுவிட்ச் டிரான்சிஸ்டர்) ஷார்ட், போர்டு ரிப்பேருக்குப் போக வேண்டும். ப்ராசஸரைச் சுற்றி உள்ள காயில்களின் மேல் வைத்து அளக்காதீர்கள். ப்ராசஸர் மாட்டியிருக்கும்போது அங்கே மிகக் குறைந்த ஓம் காட்டுவது இயல்பு, ஷார்ட் என்று நினைத்து நல்ல போர்டைக் கழித்துவிடுவீர்கள்.