தாத்தா பிரபு என்றால் பேரனும் பிரபுவா? பள்ளிப் பலகைக்காக ஒரு சந்தேகம்

மாறன், மெந்தகாப்:
வணக்கம். எங்கள் தோட்டத் தமிழ்ப்பள்ளிக்குப் பகாங் வரலாற்றுப் பலகை தயாராகிறது. குவாலா லிப்பிஸ் கிளிஃபர்ட் பள்ளிக்குப் பெயர் தந்த பிரிட்டிஷ் அதிகாரி ஹியூ கிளிஃபர்டை, தாத்தா பிரபு என்பதால் ‘கிளிஃபர்ட் பிரபு’ என்று போடச் சொல்கிறார்கள். போடலாமா?

லிப்பிஸ்வாசி:
வேண்டாம் தம்பி. ‘சர் ஹியூ கிளிஃபர்ட்’ என்று போடுங்கள். சுருக்கினால் ‘சர் ஹியூ’. ‘சர் கிளிஃபர்ட்’ தப்பு. ‘சர்’ நம்ம ஊர் டத்தோ மாதிரி, ஆளோடு முடிந்துவிடும். பரம்பரைப் பட்டம் வேறு: இந்தக் குடும்பத்துடையது சட்லீ கிளிஃபர்ட் பாரன் (பாரன் என்பது பிரபுப் பட்டங்களில் ஒன்று), 1672-இல் வந்தது. தாத்தா 7-ஆவது பாரன். ஆனால் ஹியூவின் அப்பா ஹென்றி மூன்றாவது மகன். மூத்தவர் வழியில் ஓர் ஆண் வாரிசு இருக்கும்வரை பட்டம் தம்பிகள் பக்கம் திரும்பாது. மூத்தவர் அப்பாவுக்கு முன்பே இறந்துவிட்டாலும் அவருடைய மகனுக்குத்தான் போகும், சித்தப்பாவுக்கு இல்லை.

கலா, பெந்தோங்:
எல்லாமே பட்டயத்தில் (பட்டம் தரும் அரச ஆவணம்) எழுதியிருக்கும் வாசகத்தைப் பொறுத்தது. பெரும்பாலும் ‘ஆண்வழி வாரிசு’ என்றுதான் இருக்கும். அந்த வழி அற்றுப்போனால் பட்டமும் போச்சு. 1945 செப்டம்பர் 12-இல் சிங்கப்பூரில் ஜப்பானியர் சரணடைந்ததை ஏற்ற மவுண்ட்பேட்டனுக்கு இரண்டும் பெண்கள். அதனால் மகளுக்கும் போகலாம் என்று பட்டயத்திலேயே சேர்த்துவிட்டார்கள். 1979-இல் மூத்த மகள் பெட்ரீஷியா, 2017-இல் அவர் மகன் நார்ட்டன் என்று அவருடைய ஏர்ல் என்ற பிரபுப் பட்டம் இறங்கியது. அந்த ஒரு வரி இல்லையென்றால் 1979-லேயே முடிந்திருக்கும்.

மாறன்:
நன்றி அக்கா. அப்பா இறந்ததும் தானாகவே வந்துவிடுமா?

லிப்பிஸ்வாசி:
உரிமை அந்த நொடியே வந்துவிடும். ஆனால் அரசு ஆவணங்களில் அந்தப் பெயர் ஏற வேண்டுமானால் 2004-இல் தொடங்கிய பிரபுக்கள் பதிவேட்டில் சேர வேண்டும். முன்னவரின் இறப்புச் சான்று, தன் பிறப்புச் சான்று, பெற்றோரின் திருமணச் சான்று எல்லாம் காட்டணும். சிக்கல் பெரும்பாலும் திருமணச் சான்றில்தான். இங்கிலாந்துப் பட்டத்துக்குத் திருமணத்துக்கு முன் பிறந்த பிள்ளை வாரிசாக முடியாது, பெற்றோர் பிறகு மணந்துகொண்டாலும்கூட. தத்துப்பிள்ளைக்கும் கிடையாது. 2016-இல் பிரிங்கிள் பாரனட் (பிரபுப் பட்டம் அல்லாத ஒரு பரம்பரைப் பட்டம்) வழக்கில் மரபணுச் சோதனையே வாரிசு யார் என்பதை மாற்றிவிட்டது.

கலா:
வேண்டாம் என்பவர்களுக்கும் வழி உண்டு. 1963 பிரிட்டிஷ் சட்டப்படி, பட்டம் வந்த 12 மாதத்துக்குள் துறக்கலாம். பிரிட்டிஷ் அரசியல்வாதி டோனி பென் அந்தச் சட்டப்படிதான் துறந்தார். ஆனால் அது அவர் ஆயுளுக்கு மட்டும். 2014-இல் அவர் இறந்ததும் ஸ்டான்ஸ்கேட் வைகவுண்ட் பட்டம் மூத்த மகன் ஸ்டீபனுக்குப் போய்விட்டது.