புதுப்பிப்பு: பாலக்காடு ஸ்கிரீன் பிரின்டில் எழுத்துச் சுழி அடைப்பு தீர்ந்தது

பாலக்காடு ஊர்க் காட்சியை நான்கு வண்ணத்தில் ஸ்கிரீன் பிரின்ட் (வலை வழியாக மையை அழுத்தி அச்சிடுவது) போடும்போது தமிழ், மலையாளப் பெயர்ப்பலகை எழுத்துகளின் சுழிகள் மையில் அடைபடுகின்றன என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

முதலில் எமல்ஷனை (வலையில் பூசும் ஒளியுணர் பூச்சை) மாற்றினேன், பலனில்லை. சென்டிமீட்டருக்கு 43 இழை வலையை விட்டு இன்னும் நெருக்கமான 77 இழை வலைக்குப் போகச் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது. மலையாள 'ண'கூடத் தெளிவாக விழுந்தது!

எதிர்பாராதது ஒன்று. படத்தில் 1766-இல் ஹைதர் அலி எடுத்துக் கட்டிய கோட்டைக்கு மஞ்சள், கல்பாத்தித் தேருக்கு நீலம். மையில் டிரான்ஸ்பரன்ட் பேஸ் (அடியிலுள்ள நிறம் தெரியவிடும் நிறமற்ற கலவை) கலந்திருந்ததால் இரண்டும் ஏறிய இடம் நெல்வயல் பச்சையாகிவிட்டது. பச்சைக்கென்று வைத்திருந்த நான்காவது ஸ்கிரீன் மிச்சம்.

அப்புறம், 77-இல் தண்ணீர் மை சீக்கிரம் காய்ந்துவிடுகிறது. பத்துத் தாளுக்கு ஒருமுறை ஈரத்துணியால் வலையைத் துடைத்தேன்.