ஒழுங்கைக் குழுவில் மூன்று முகப்பூச்சுகள்

(இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள பாண்டிருப்பில் ஓர் ஒழுங்கையின் வட்ஸ்அப் குழு. குரற்பதிவு அனுப்பக்கூடாது, பின்னர் தேடி வாசிக்கக்கூடியதாக எழுதியே அனுப்ப வேண்டும் என்பது குழுவை நடத்தும் அதிபர் ஐயாவின் கட்டளை.)

கிழக்கு வீட்டு மருமகள், மாலை 6.40
அனைவருக்கும் வணக்கம். எனக்கு மூன்றாம் மாதம் தொடங்கியிருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். அண்ணா கட்டாரிலிருந்து கொண்டு வந்த முகச் சீரம், பருவுக்கு நான் வழக்கமாகப் பாவிக்கும் ஃபேஸ்வொஷ், கன்னத்தில் கறுப்பு விழத் தொடங்கியதால் அண்மையில் வாங்கிய ஒரு கிறீம் ஆகிய மூன்றையும் தொடர்ந்து பாவிக்கலாமா என்று பாமசி அக்காவிடம் கேட்க விரும்புகிறேன். இணையத்தில் தேடினால் ஒரு பக்கம் எல்லாமே கூடாது என்கிறது, மறுபக்கம் எதுவும் செய்யாது என்கிறது. படங்களை இணைத்திருக்கிறேன்.
[மூன்று படங்கள்]

மூலை வீட்டு மாமி, மாலை 6.44
மகள், இந்த நேரத்தில் முகத்துக்கு எதற்கு இத்தனை சாமான்கள்? பயற்றம் மாவும் கஸ்தூரி மஞ்சளும் போதாதா?

பாமசி அக்கா, இரவு 7.15
தங்கச்சி, கடையைப் பூட்டிவிட்டு இப்போதுதான் படங்களைப் பார்க்கிறேன். நீங்கள் அனுப்பியிருப்பவை முன்பக்கங்கள்; முன்பக்கம் விளம்பரத்துக்கு உரியது. பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் சேர்மானப் பட்டியலை வெளிச்சத்தில் பிடித்து, நெருக்கமாகப் படமெடுத்து அனுப்புங்கள். அதிகமாகக் கலந்த பொருள் முதலிலும் குறைவாகக் கலந்தது பின்னாலும் வரும்படியே அந்தப் பட்டியலை எழுதுவார்கள், ஆனால் ஒரு சதவீதத்துக்குக் குறைவானவற்றை எந்த ஒழுங்கிலும் எழுதலாம் என்பதால், வால் பக்கத்தில் இருக்கிறதே என்று ஒரு பெயரைத் தள்ளிவிடக் கூடாது.

கிழக்கு வீட்டு மருமகள், இரவு 7.22
[இரண்டு படங்கள்] மூன்றாவது போத்தலில் பட்டியல் எதையும் காணவில்லை, அக்கா.

பாமசி அக்கா, இரவு 7.41
மூன்றாவதுக்குப் பிறகு வருகிறேன். சொல்லப்போனால் அதுதான் முதலில் வர வேண்டியது.

சீரத்தின் முன்பக்கத்தில் விற்றமின் ஏ என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். பின்பக்கத்தில் ரெட்டினோல், ரெட்டினைல் பால்மிடேட் என்ற இரண்டு பெயர்களும் தெளிவாக இருக்கின்றன. இதை இன்றிரவே நிறுத்திவிடுங்கள். ரெட்டின் என்று தொடங்கும் பெயர்கள், ட்ரெட்டினோயின், அடாபலீன், டாசாரோட்டீன் ஆகிய எல்லாமே ரெட்டினோயிட் என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை, கர்ப்பகாலத்தில் அந்தக் குடும்பம் முழுவதையும் ஒதுக்கி வைக்கும்படியே வைத்தியர்கள் சொல்கிறார்கள். இந்தப் பயம் வந்ததற்குக் காரணம் கடுமையான பருவுக்கு விழுங்கக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை. அது 1982ஆம் ஆண்டு அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதிக்கப்பட்டது. கர்ப்பிணிகள் விழுங்கியபோது பிள்ளையின் முகம், காது, இருதயம், மூளை ஆகியவற்றில் பிறவிக் குறைபாடுகளை ஏற்படுத்துவது மிக விரைவிலேயே உறுதியானது.

கிழக்கு வீட்டு மருமகள், இரவு 7.44
அக்கா, கர்ப்பம் என்று தெரிய முன்னரும் தெரிந்த பின்னரும் ஒவ்வோர் இரவும் பூசியிருக்கிறேனே. இனி என்ன செய்வது?

பாமசி அக்கா, இரவு 7.58
பதறாதீர்கள். வாயால் விழுங்குவதும் தோலில் பூசுவதும் ஒன்றல்ல. பூசும் ரெட்டினோயிட்டில் மிகச் சிறிய பங்குதான் இரத்தத்தில் சேர்கிறது, நாம் உண்ணும் உணவால் உடலில் ஏற்கனவே இருக்கும் விற்றமின் ஏயின் அளவை அது குறிப்பிடத்தக்க அளவுக்கு உயர்த்துவதில்லை. கர்ப்பத்தின் தொடக்கத்தில் இவ்வகைப் பூச்சுகளைப் பாவித்த 600க்கும் மேற்பட்ட பெண்களின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்து 2015ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, பிறவிக் குறைபாடுகள் கூடியதாகக் காட்டவில்லை. அப்படியென்றால் ஏன் நிறுத்தச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். அபாயம் அறவே இல்லையென்று உறுதி சொல்ல அந்த எண்ணிக்கை போதாது, முகச்சுருக்கத்துக்குப் பூசும் ஒன்றைப் பத்து மாதம் தள்ளி வைப்பதால் உங்களுக்கு நட்டமும் இல்லை. ஆகவே பூசியதை நினைத்து அழவும் வேண்டாம், மிச்சத்தைப் பூசித் தீர்க்கவும் வேண்டாம். கிளினிக்கில் சொல்லி வையுங்கள்.

கட்டார் அண்ணா, இரவு 8.03
நான் விலை பார்க்காமல் வாங்கியது. போகட்டும், மாமிக்குக் கொடுத்துவிடுங்கள்.

மருதமுனை ராத்தா, இரவு 8.10
எனது மூத்தவளுக்குப் பருவுக்கென்று தோல் வைத்தியர் கொடுத்த மாத்திரை உறையிலும் நீங்கள் சொன்ன ஐசோட்ரெட்டினோயின் என்ற பெயர்தான் இருக்கிறது. அவளுக்கு வரும் மாதம் திருமணம். இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

பாமசி அக்கா, இரவு 8.19
ராத்தா, இதை நாளைக்கே அந்த வைத்தியரிடம் சொல்ல வேண்டும். அந்த மாத்திரையை நிறுத்தி ஒரு மாதமாவது கடந்த பின்னரே கர்ப்பம் தரிக்கலாம்; அதுவரை கருத்தடை கட்டாயம். சோரியாசிஸ் என்ற தோல் நோய்க்குக் கொடுக்கும் அசிட்ரெட்டின் என்ற அதன் உறவுக்கார மருந்து உடலில் நெடுநாள் தங்குவதால், அதை நிறுத்திய பிறகு மூன்று ஆண்டுகள் காத்திருக்கச் சொல்கிறார்கள். பூச்சில் நான் காட்டிய நிதானத்தை மாத்திரையில் காட்ட மாட்டேன்.

மூலை வீட்டு மாமி, இரவு 8.24
விற்றமின் ஏ கூடாதென்றால் முருங்கைக்கீரையும் கரட்டும் கூடாதா? அவளுக்கு நான்தான் நாள்தோறும் கீரை சமைத்துக் கொடுக்கிறேன்.

பாமசி அக்கா, இரவு 8.27
கொடுங்கள் மாமி, நன்றாகக் கொடுங்கள். கீரையிலும் கரட்டிலும் இருப்பது கரோட்டீன். உடல் தனக்கு வேண்டிய அளவுக்கு மட்டுமே அதை விற்றமின் ஏயாக மாற்றிக்கொள்ளும். ஈரலை மட்டும் அடிக்கடி சமைக்க வேண்டாம்.

அடுத்தது ஃபேஸ்வொஷ். அதில் சாலிசிலிக் அமிலம் இரண்டு சதவீதம் என்று போட்டிருக்கிறது. பூசிச் சற்று நேரத்தில் கழுவிவிடுவதால் அதைத் தொடரலாம். அழகு நிலையத்தில் அதே அமிலத்தைப் பல மடங்கு செறிவில் முகம், முதுகு என்று பரப்பிப் பூசித் தோலுரிப்பதற்கு மட்டும் போகாதீர்கள். பரு கூடினால் அசெலாயிக் அமிலமும், குறைந்த செறிவில் பென்சோயில் பெரொக்சைட்டும் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கக்கூடியவை; நியாசினமைட்டுக்கும் தடை இல்லை.

அதிபர் ஐயா, இரவு 8.35
ஒரு சந்தேகம். பெயரைத் தட்டினால் சிவப்பு, பச்சை என்று நிறம் காட்டும் கைபேசிச் செயலிகள் இருக்கின்றன என்று எனது பேத்தி சொல்கிறாள். அவற்றை நம்பலாமா?

பாமசி அக்கா, இரவு 8.52
ரெட்டினோலைக் கண்டுபிடிக்க உதவும், ஐயா. அந்த அளவுக்கு நம்பலாம். ஆனால் அவை பெரும்பாலும் பெயரை மட்டுமே பார்க்கின்றன. எத்தனை சதவீதம், எவ்வளவு இடத்தில் பூசுகிறோம், கழுவுகிறோமா, எவ்வளவு இரத்தத்தில் சேர்கிறது என்பதைக் கேட்பதில்லை. பென்சோயில் பெரொக்சைட்டில் ஏறத்தாழ ஐந்து சதவீதமே உடலுக்குள் போகிறது. நிறம் குறைக்கும் ஹைட்ரோகுயினோனிலோ 35 முதல் 45 சதவீதம் வரை போகிறது. பிள்ளைக்குத் தீங்கு செய்ததாக அதன்மேல் நிரூபணம் இல்லாதபோதும், இவ்வளவு உள்ளே போகும் ஒன்று இப்போது வேண்டாம் என்று தவிர்க்கிறோம். சேர்மானப் பட்டியலே இல்லாத போத்தலைப் பற்றி எந்தச் செயலியிடம் போய்க் கேட்பது?

இப்போது அந்த மூன்றாவது போத்தலுக்கு வருகிறேன். தங்கச்சி, அடிப்பக்கத்தையும் சுற்றியுள்ள எழுத்தையும் ஒருமுறை படமெடுங்கள். எங்கே வாங்கினீர்கள்?

கிழக்கு வீட்டு மருமகள், இரவு 8.58
ஒரு பொன்னகைக் கடைக்குப் பக்கத்தில் உள்ள அழகுசாதனக் கடையில் வாங்கினேன். ஒரு வாரத்தில் நிறம் மாறும் என்றார்கள், உண்மையாகவே மாறியது.
[படம்]

பாமசி அக்கா, இரவு 9.20
படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வெள்ளைப் பிளாஸ்டிக் போத்தல், பொன்னிற மூடி. தயாரித்தவரின் முகவரி இல்லை, தொகுதி இலக்கம் இல்லை, காலாவதித் திகதிக்குரிய இடம் வெறுமையாக இருக்கிறது. அடியில் மட்டும், தங்க, வெள்ளி நகைகளில் படாமல் பாவிக்கவும் என்று ஒரு வரி. அந்த வரியைப் பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கியது. இரசம், அதாவது பாதரசம், பொன்னோடும் வெள்ளியோடும் சேர்ந்துகொள்ளும். நகையில் படக்கூடாது என்ற எச்சரிக்கை இரசம் கலந்த கிறீமின் அடையாளமாக இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமும் குறிப்பிட்டிருக்கிறது. இந்தப் போத்தலில் இரசம் இருக்கிறதென்று படத்தைப் பார்த்து நான் அடித்துச் சொல்ல முடியாது, அது ஆய்வுகூட வேலை. ஆனால் இல்லையென்று சொல்லவும் எனக்கு ஓர் ஆதாரமும் இல்லை, கர்ப்பிணிக்கு அந்தச் சந்தேகமே போதும்.

ஒரு வாரத்தில் வெளுப்பது சிறப்பு அல்ல, எச்சரிக்கை. இரசம் தோலின் நிறமி உருவாவதைத் தடுக்கிறது. ஆனால் தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தில் சேர்கிறது, நரம்புகளைத் தாக்குகிறது, நச்சுக்கொடியையும் கடந்து பிள்ளையை அடைகிறது. ஆவியாகவும் வெளியேறுவதால் ஒரே துவாயையும் தலையணையையும் பாவிக்கும் வீட்டாரின் உடலிலும் சேரலாம். இரசத்தைக் கட்டுப்படுத்துவதற்கான சர்வதேச மினமாட்டா உடன்படிக்கை 2013இல் கைச்சாத்தாகி 2017இல் நடைமுறைக்கு வந்தது, அதன்படி இரசம் கலந்த வெளுப்பாக்கும் கிறீம்களை 2020உடன் நிறுத்தியிருக்க வேண்டும்; இருந்தும் பட்டியலில்லாத போத்தல்கள் உலகெங்கும் கடைகளுக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன. பட்டியல் உள்ள சிலவற்றிலும் கலோமெல், மெர்க்குரஸ் குளோரைட், அமோனியேற்றட் மெர்க்குரி என்று வேறு வேறு பெயர்களில் எழுதியிருப்பார்கள்.

இரசம் இல்லாவிட்டால் குளோபெட்டசோல் போன்ற வலிய ஸ்டீரொயிட் இருக்கக்கூடும். வைத்தியர் எழுதிக் கொடுத்த மெல்லிய ஸ்டீரொயிட்டைச் சிறிதளவு பூசுவதற்குப் பயப்படத் தேவையில்லை. வலியதைக் கர்ப்பகாலத்தில் பெருமளவில் பூசினால் பிள்ளையின் நிறை குறையலாம். முகத்தோலும் மெலிந்து சிவந்துவிடும்.

மூலை வீட்டு மாமி, இரவு 9.26
அதை இப்போதே குப்பையோடு போட்டுக் கொளுத்திவிடு, மகள்.

பாமசி அக்கா, இரவு 9.28
வேண்டாம் மாமி! கொளுத்தினால் இரசம் ஆவியாகி எல்லோரின் மூச்சிலும் போகும். கிணற்றடியிலோ கடலிலோ வாவியிலோ கொட்டவும் கூடாது. நீரில் சேரும் இரசம் மீன் வழியாக எமது சட்டிக்கே திரும்பி வரும். மூடியை இறுக்கி, இரண்டு பொலித்தீன் பைகளில் போட்டுக் கட்டி, பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். பாவித்த துவாயையும் தலையணை உறையையும் இனிப் பாவிக்க வேண்டாம்.

குடும்பநல மிஸ், இரவு 9.40
நானும் வாசித்துக்கொண்டிருந்தேன். கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் போகிறதா என்று பார்க்கிறோம் அல்லவா? இரசம் சிறுநீரகத்தைப் பாதித்தாலும் சிறுநீரில் புரதம் போகலாம், இரத்த அழுத்தமும் கூடலாம். கிறீமைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் வைத்தியர் அதைக் கர்ப்பத்தால் வரும் அழுத்தம் என்றே எடுத்துக்கொள்வார். வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். கர்ப்பிணித்தாய் அட்டையோடு போத்தலையும் கட்டியபடியே கொண்டு வாருங்கள். தேவையான பரிசோதனையை வைத்தியர் தீர்மானிப்பார். கை நடுக்கம், நித்திரையின்மை, வாயில் உலோகச் சுவை ஏதாவது இருந்தால் கிளினிக் நாள் வரை காத்திருக்க வேண்டாம்.

கிழக்கு வீட்டு மருமகள், இரவு 9.44
அப்படி எதுவும் இல்லை, மிஸ். நாளைக் காலையே வருகிறேன். கன்னத்துக் கறுப்புக்கு இனி என்ன செய்வது?

பாமசி அக்கா, இரவு 9.57
அது மங்கு. கர்ப்பத்தின் சுரப்புகளாலும் வெயிலாலும் வருவது, பெரும்பாலும் பிள்ளை பிறந்து சில மாதங்களில் தானாகவே மங்கிவிடும். அதற்கு இப்போது மருந்து தேடுவதை விட வெயிலை மறைப்பதுதான் வேலை. கட்டார்த் தம்பி, அடுத்த முறை சீரத்துக்குப் பதிலாகச் சிங்க் ஒக்சைட் அல்லது டைட்டேனியம் டையொக்சைட் கலந்த சன்ஸ்கிறீன் வாங்கி வாருங்கள்; அவை தோலின் மேற்பரப்பிலேயே தங்கி வெயிலைத் தடுக்கும். தோல் நிறத்துக்குக் கலந்திருப்பதைப் பாருங்கள், அதிலுள்ள இரும்பு ஒக்சைட் மங்குக்குக் கூடுதலாக உதவும். குடையை விட மலிவான மருந்து எனது கடையில் இல்லை.

மருதமுனை ராத்தா, இரவு 10.02
மருதோன்றி வைக்கலாமா? கண்ணுக்குச் சுர்மா?

பாமசி அக்கா, இரவு 10.08
வீட்டில் அரைத்த மருதோன்றி நல்லது. உடனே கறுப்பாகப் பிடிக்கும் கூம்புகளில் தலைமயிர்ச் சாயத்துக்குரிய பிபிடி கலந்திருக்கும், தோல் கொப்பளிக்கும், வேண்டாம். சுர்மாவில் ஈயம் இருப்பது பலமுறை கண்டறியப்பட்டிருக்கிறது. தாய்க்கும் வேண்டாம், பிறக்கும் பிள்ளையின் கண்ணுக்கும் வேண்டாம். மாமியின் பயற்றம் மாவுக்குத் தடையில்லை. மஞ்சள் மட்டும் கடைத் தூளாக இல்லாமல், கிழங்கு வாங்கி அரைத்ததாக இருக்கட்டும்.

அதிபர் ஐயா, இரவு 10.15
அந்தக் கடையைப் பற்றி நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறைப்பாடு செய்யலாம். மருமகள், பற்றுச்சீட்டு இருந்தால் எனக்கு அனுப்புங்கள். கடிதத்தை நான் எழுதுகிறேன்.

கிழக்கு வீட்டு மருமகள், இரவு 10.17
பற்றுச்சீட்டுத் தரவில்லை, ஐயா. கேட்டதற்கு, இதற்கெல்லாம் சீட்டு எழுதுவதில்லை என்றார்கள்.

மூலை வீட்டு மாமி, இரவு 10.31
இவ்வளவு நேரமும் நான் ஒன்றும் சொல்லவில்லை. எனது அலுமாரியிலும் அதே பொன்மூடிப் போத்தல் ஒன்று இருக்கிறது, பிள்ளைகள். மருமகள், நாளைக் காலை என்னையும் கூட்டிக்கொண்டு போ.