நகரத்தில் ஓட்ட ஃபுல் ஃபேஸா, மாடுலரா?

கண்ணாடிக்காரன்:
ஏழு வருடமாகப் போட்ட ஹெல்மெட்டை மாற்றப் போகிறேன். வேலைக்குப் போய்வர தினமும் 40 கிலோமீட்டர். பெரும்பாலும் நகரச் சாலை, சிக்னலுக்குச் சிக்னல் நிற்கிற ஓட்டம். மூக்குக்கண்ணாடி போடுகிறவன் என்பதால், தாடைப் பகுதியை மேலே தூக்கிவிடுகிற மாடுலர் வசதியாக இருக்கும் என்று நினைத்தேன். கூட வேலை பார்க்கிறவர், முகம் முழுவதையும் மூடுகிற ஃபுல் ஃபேஸ் தவிர வேறு எதையும் தொடாதே என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

கருங்குதிரை:
அவர் பேச்சைக் கேளுங்கள் நண்பரே. விபத்தில் ஹெல்மெட்டின் எந்தெந்த இடத்தில் அடி விழுகிறது என்று ஜெர்மானிய ஆய்வாளர் டீட்மர் ஓட்டே கணக்கெடுத்தார். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தாடைப் பகுதியில்தான். அந்த இடத்தில் கீலும் கொக்கியும் வைத்த ஹெல்மெட்டை நான் நம்ப மாட்டேன். ஒரு தடவை மணலில் வழுக்கி விழுந்தேன். வேகம் 30கூட இருந்திருக்காது. எழுந்து பார்த்தால் தாடைக் காப்பில் விரல் நுழைகிற அளவுக்குப் பள்ளம். அது என் பல்வரிசையில் விழ வேண்டிய பள்ளம்.

நிதானம்:
நகரத்துக்குள் 40க்கு மேல் யார் போகிறார்கள்? தாடைப் பகுதியே இல்லாத ஓபன் ஃபேஸ் போதும். காற்றோட்டம் இருக்கும், பக்கத்தில் வரும் வண்டிச் சத்தமும் தெளிவாகக் கேட்கும்.

கயல்:
நிதானம் அண்ணா, வண்டி எவ்வளவு வேகமாகப் போகிறது என்பது வேறு, தலை எவ்வளவு வேகமாகத் தரையில் மோதுகிறது என்பது வேறு. வண்டி அசையாமல் நின்றிருக்கும்போது சாய்ந்தாலும், 1.6 மீட்டர் உயரத்தில் இருக்கிற தலை மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தொடும். ஐரோப்பியத் தரமான இ.சி.இ. 22.05இல் ஹெல்மெட்டை நொடிக்கு 7.5 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 27 கிலோமீட்டரில், இரும்புப் பரப்பில் மோதவிட்டார்கள். ஏதோ மெதுவான சோதனை மாதிரித் தெரியும். ஆனால் கிட்டத்தட்ட மூன்று மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம் அது. மெதுவாக ஓட்டுகிறவரின் தாடையும் அதே தரையில்தான் விழுகிறது. ஓபன் ஃபேஸ் வேண்டாம் என்பதில் நானும் கருங்குதிரை பக்கம்.

மாடுலர் விஷயத்தில் மட்டும் அவரோடு உடன்பட முடியாது. கழுத்துப் பட்டையில் தைத்திருக்கிற லேபிளைப் பாருங்கள். ஒப்புதல் எண்ணோடு 'பி' (P) என்று இருந்தால் தாடைக் காப்பும் சோதிக்கப்பட்டது. 'ஜே' (J) என்றால் தாடைக் காப்பு கணக்கிலேயே இல்லை. 'பி/ஜே' என்றால் மூடியும் திறந்தும் இரண்டு விதத்திலும் ஒப்புதல் பெற்றது. 'என்பி' (NP) என்று இருந்தால் தாடைப் பகுதி பார்வைக்கு மட்டும்தான், அதை வாங்கவே கூடாது. கருங்குதிரை, பி/ஜே மாடுலரைப் பூட்டிக்கொண்டு விழுந்திருந்தால் உங்கள் பள்ளம் அதன் தாடைக் காப்பிலும் இருந்திருக்கும், பல்லில் இருந்திருக்காது.

கருங்குதிரை:
பூட்டிக்கொண்டு விழுந்தால் சரி. விழுகிற நேரத்தில் கொக்கி விட்டுக்கொண்டால்? பிரிட்டன் அரசு 2007இல் தொடங்கிய 'ஷார்ப்' ஹெல்மெட் மதிப்பீட்டில் நட்சத்திரம் தருவதோடு, மாடுலர்களுக்கு இன்னொரு எண்ணும் போடுகிறார்கள்: மோதலின்போது தாடைப் பகுதி நூற்றுக்கு எத்தனை முறை பூட்டிய நிலையிலேயே இருந்தது என்று. அப்படி ஓர் எண் தேவைப்படுவதே எனக்குப் போதுமான பதில். ஃபுல் ஃபேஸில் அந்தக் கேள்வியே எழாது. அதோடு எடை. சாதாரண ஃபுல் ஃபேஸ் ஒன்றரைக் கிலோ வரும், மாடுலர் அதைவிட இருநூறு முந்நூறு கிராம் கூடும். தினமும் 40 கிலோமீட்டர் அதைச் சுமப்பது கழுத்துதான்.

கயல்:
அந்த எண்ணைப் பார்த்து வாங்குங்கள் என்றுதான் நானும் சொல்வேன். நூற்றுக்கு நூறு வாங்கிய மாடுலர்களும் அதே பட்டியலில் இருக்கின்றன. எடை விஷயம் ஒப்புக்கொள்கிறேன், அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆனால் நாம் இருவரும் முக்கியமானதை விட்டுவிட்டு வாதம் செய்கிறோம். என் மாமா போட்டிருந்தது ஃபுல் ஃபேஸ், நல்ல தரச்சான்றும் இருந்தது. ஒரு அளவு பெரிது. 'இறுக்கமாக இருந்தால் தலை வலிக்கும்' என்று தளர்வாக வாங்கினார். கீழே விழுந்தபோது தலை தரையில் மோதும் முன்பே ஹெல்மெட் கழன்று உருண்டு போனது. பிழைத்தார், மூன்று மாதம் மருத்துவமனையில் இருந்தார். அந்த நாளிலிருந்து யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது அளவைத்தான்.

மழைப்பயணி:
கயல் சொன்னதற்கு ஒரு கைகொடுக்கிறேன். புருவத்துக்கு ஓர் அங்குலம் மேலே டேப் வைத்துச் சுற்றளவு எடுங்கள். ஆனால் அந்த எண் பாதி விஷயம்தான். ஒரே சுற்றளவில் உருண்டைத் தலையும் இருக்கும், முன்பின் நீண்ட தலையும் இருக்கும். நெற்றியில் மட்டும் அழுத்தி, காதுக்கு மேலே இடம் விட்டால் உங்கள் தலை அந்த ஹெல்மெட்டைவிட நீளம் என்று அர்த்தம். பெரிய அளவு வாங்கி அதைச் சரிசெய்ய முடியாது, வேறு மாடல்தான் பார்க்க வேண்டும். கன்னம் நன்றாக அமுங்க வேண்டும், பேசும்போது கன்னத்தின் உட்புறத்தைக் கடிக்கிற அளவுக்கு. அந்தப் பஞ்சு போகப் போகத் தளர்ந்துவிடும். நெற்றி அழுத்தம் அப்படிக் குறையும் என்று நம்பி வாங்காதீர்கள். பட்டையை மாட்டிக்கொண்டு, பின்பக்க விளிம்பைப் பிடித்து முன்னால் உருட்டிக் கழற்ற முயலுங்கள். கழன்றால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

தரச்சான்று பற்றியும் ஒன்று. அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் டாட் தர முறையில் தயாரிப்பாளரே தரம் உண்டு என்று அறிவித்து ஸ்டிக்கர் ஒட்டுகிறார். அரசு பிறகு கடைகளில் சிலவற்றை வாங்கிச் சோதிக்கிறது. இ.சி.இ.யில் விற்பனைக்கு முன்பே வெளி ஆய்வகத்தின் சோதனை கட்டாயம். அதன் புதிய பதிப்பான 22.06இல் சாய்வான பரப்பில் மோதவிட்டு, தலை எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்றும் அளக்கிறார்கள். மூளைக்குப் பெரும் சேதம் செய்வது அந்தச் சுழற்சி. இரண்டில் ஒன்று என்றால் 22.06ஐ எடுங்கள்.

நிதானம்:
சரி, வேகக் கணக்கை நான் இப்படி யோசித்ததே இல்லை. என் ஓபன் ஃபேஸை வைத்துக்கொண்டு இனி நிம்மதியாக ஓட்ட முடியாது.

கண்ணாடிக்காரன்:
இன்று போய்ப் போட்டுப் பார்த்தேன், ஒவ்வொன்றும் அரை மணி நேரம். மாடுலரைப் போட்ட இருபதாவது நிமிடத்தில் நெற்றி வலித்தது, கழற்றினால் சிவப்புத் தடம். மழைப்பயணி சொன்ன நீளத் தலை என்னுடையதுதான். ஒரு 22.06 ஃபுல் ஃபேஸ் அப்படியே பொருந்தியது. கண்ணாடிக் காம்பு நுழைய கன்னப் பஞ்சில் பள்ளம் விட்டிருக்கிறார்கள். ஹெல்மெட்டை மாட்டிய பிறகு கண்ணாடியை நுழைத்தால் தடையில்லாமல் போகிறது. அதையே வாங்கிவிட்டேன்.

கருங்குதிரை:
நல்ல முடிவு!

கயல்:
நல்ல முடிவுதான், ஆனால் கருங்குதிரை சொன்ன காரணத்துக்காக இல்லை. மாடுலர் தலைக்குப் பொருந்தி இது பொருந்தாமல் இருந்திருந்தால் அதை வாங்கச் சொல்லியிருப்பேன். என்ன நிறம்?

கண்ணாடிக்காரன்:
வெள்ளை. கறுப்புதான் பிடித்திருந்தது. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் நடந்த ஆய்வு ஒன்றைப் படித்த ஞாபகம் வந்தது, 2004இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. கறுப்பு ஹெல்மெட்காரர்களோடு ஒப்பிட்டால் வெள்ளை போட்டவர்களுக்கு விபத்தில் காயப்படும் வாய்ப்பு 24 சதவீதம் குறைவாக இருந்ததாம். கடைசியாக ஒரு கேள்வி: பழையதை என் தம்பிக்குக் கொடுக்கலாமா? வெளியே ஒரு கீறல் இல்லை.

மழைப்பயணி:
வேண்டாம். அடியை வாங்கிக்கொள்வது உள்ளே இருக்கிற தெர்மோகோல். ஒரு தடவை நசுங்கினால் பழையபடி எழாது, நசுங்கியதும் வெளியே தெரியாது. வியர்வையிலும் தலை எண்ணெயிலும் ஊறி ஏழு வருடம் ஆகிவிட்டது. ஹெல்மெட்டுகளைச் சோதித்துச் சான்று தரும் அமெரிக்காவின் ஸ்னெல் அறக்கட்டளையே ஐந்து வருடத்தில் மாற்றச் சொல்கிறது. கழுத்துப் பட்டையை இரண்டாக வெட்டிவிட்டுக் குப்பையில் போடுங்கள். வெட்டாமல் போட்டால் யாராவது எடுத்துத் தலையில் மாட்டிக்கொள்வார்கள்.

கண்ணாடிக்காரன்:
வெட்டிவிட்டேன். தம்பியின் தலையையும் டேப் வைத்து அளந்துவிட்டேன், 57 சென்டிமீட்டர். ஞாயிற்றுக்கிழமை அவனையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.