டொனிகால் கடற்கரை: ஸ்லீவ் லீக், மகெரா குகை, எரிகல் – போகிறவர்கள் கவனத்துக்கு

லெட்டர்கெனி எழுதியது:

அயர்லாந்து என்றதும் எல்லாரும் மோஹர் குன்றுக்குத்தான் ஓடுகிறார்கள். மோஹர் 214 மீட்டர். வடமேற்கு மாவட்டமான டொனிகாலில் உள்ள ஸ்லீவ் லீக் குன்று 601 மீட்டர். அப்படியும் டொனிகால் பக்கம் ஆள் வராததற்குக் காரணம் வழிதான். மாவட்டத்தில் ரயில் கிடையாது. டப்ளின் கோனலி நிலையத்திலிருந்து ஸ்லைகோ வரை ரயிலில் மூன்று மணி நேரம், அங்கிருந்து 64-ஆம் எண் பஸ் டொனிகால் டவுன், லெட்டர்கெனி போகும். அதற்குமேல் கடற்கரை முனைகளுக்குப் போக கார் இல்லாமல் சிரமம்.

காரில் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது எல்லை. டப்ளினிலிருந்து லெட்டர்கெனிக்கு மேப் காட்டும் குறுக்கு வழி ஓமா, ஸ்ட்ரபேன் வழியாக வட அயர்லாந்துக்குள் புகுந்து வெளியே வரும். அது பிரிட்டன். சாவடியும் இல்லை, கேட்டும் இல்லை. வேகப் பலகை கிலோமீட்டரிலிருந்து மைலுக்கு மாறுவதுதான் அடையாளம். இந்திய பாஸ்போர்ட்காரர்கள் அயர்லாந்து விசாவில் பி.ஐ.வி.எஸ். (பிரிட்டிஷ்-ஐரிஷ் விசா திட்டம்) என்று குறித்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அந்தப் பக்கம் போக அனுமதி இல்லை. அயர்லாந்தில் வேலை பார்ப்பவர்கள் கையில் இருக்கும் ஐ.ஆர்.பி. (ஐரிஷ் வசிப்பு அனுமதி) அட்டையும் அங்கே செல்லாது, பிரிட்டன் விசா தனியாக வேண்டும். எல்லை தாண்டாத வழி: என்4 சாலை பிடித்து ஸ்லைகோ, பிறகு என்15-இல் பண்டோரன், பாலிஷேனன், டொனிகால் டவுன். நிற்காமல் போனால் மூன்றரை மணி நேரம்.

நம் ஊர் மாதிரி இடப்பக்க ஓட்டம்தான். ஆனால் வாடகைக் காரில் பெரும்பாலும் கியர் வண்டிதான் கிடைக்கும். ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் முன்பே சொல்லி வைக்க வேண்டும். 2025 பிப்ரவரியிலிருந்து கிராமத்துச் சிறு சாலைகளில் பொது வேக வரம்பு 80-இலிருந்து 60 ஆகிவிட்டது. அந்த 60-ஐயே பல வளைவுகளில் தொட முடியாது என்பது வேறு விஷயம்.

இன்னொன்று. மேற்குக் கரையில் ஐரிஷ் பேசும் பகுதிக்குள் நுழைந்ததும் வழிகாட்டிப் பலகையில் ஆங்கிலப் பெயர் மறைந்துவிடும். மேப்பில் 'டங்லோ' என்று இருக்கும் ஊருக்குப் பலகையில் 'அன் க்ளொஹான் லீயா' என்று இருக்கும். இரண்டுக்கும் ஓர் எழுத்துகூட ஒத்துப்போகாது. போக வேண்டிய ஊர்களின் ஐரிஷ் பெயரை முதல் நாளே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மலை இடுக்கில் சிக்னல் இருக்காது.

கில்லிபெக்ஸ் பக்கம் எழுதியது:

ஸ்லீவ் லீக் பத்தி. 'ஐரோப்பாவிலேயே உயரமான கடல் குன்று'ன்னு வீடியோவில சொல்றதை நம்பாதீங்க. அயர்லாந்திலேயே மேயோ மாவட்டம் ஆக்கில் தீவுல இருக்கிற க்ரோஹான் 688 மீட்டர். ஆனா க்ரோஹான் முகத்தைப் பார்க்க மலையே ஏறணும். ஸ்லீவ் லீக்குக்கு எதிர்லயே நின்னு முழுசா பார்க்க பங்க்ளாஸ்னு ஒரு மேடு இருக்கு. அதான் வித்தியாசம்.

கில்லிபெக்ஸ்ல இருந்து ஆர்263 பிடிச்சு கேரிக் ஊர் வந்து, இடதுபக்கம் டீலினுக்குத் திரும்பணும். கீழே கட்டணக் கார் நிறுத்தம். சீசன்ல அதுக்கு மேல கார் விட மாட்டாங்க. ஷட்டில் வண்டி, இல்லைன்னா நடை. ஏற்றமான தார் ரோடு, முக்கால் மணி நேரம் வெச்சுக்குங்க. குன்று தென்மேற்கு பார்த்து நிக்குது. காலைல முகம் முழுக்க நிழல்தான். மதியத்துக்கு மேல வெயில் விழுந்தாதான் பாறையோட துருச் சிவப்பும் மஞ்சளும் தெரியும். போட்டோ சரியில்லைன்னு வர்ற புலம்பல்ல பாதி பத்து மணிக்குப் போனவங்களோடது.

பங்க்ளாஸ்ல இருந்து உச்சி வரைக்கும் பாதை இருக்கு. முதல்ல கல் படி, அப்புறம் கரிச்சேறு, கடைசில 'ஒன் மேன்ஸ் பாஸ்'ங்கிற ஒடுக்கமான முகடு. ரெண்டு பக்கமும் சரிவு. அங்க பிரச்சினை உயரம் இல்லை, காற்று. வீசிக்கிட்டே இருக்கிற காற்றுக்கு உடம்பு சாய்ஞ்சு பழகிடும். அது டக்குனு நின்னா சாய்ஞ்ச பக்கமே கால் போகும். பாறை நனைஞ்சிருந்தா பிடிப்பும் கிடையாது. மெட் ஏரன் (அயர்லாந்து வானிலைத் துறை) முன்னறிவிப்புல சராசரிக் காற்றைப் பார்க்காதீங்க, குபீர்க் காற்று எவ்வளவுன்னு பாருங்க. 50 கிலோமீட்டரைத் தாண்டினா பங்க்ளாஸோட திரும்பிடறதுதான் புத்திசாலித்தனம். உச்சிக்கே போகணும்னா டீலின்ல இருந்து 'பில்கிரிம் பாத்'னு உள்பக்கமா ஒரு வழி ஏறுது. விளிம்பை ஒட்டாம போகலாம்.

கார் நிறுத்தும்போது மூக்கு காற்றைப் பார்த்து இருக்கட்டும். பின்னாடி இருந்து காற்று வந்தா திறந்த கதவு கையை விட்டுப் போய் கீல் வளையும்.

வத்தம் ஏத்தம் எழுதியது:

ஆர்டரா பக்கத்தில் மகெரா கடற்கரை, குகைகள். போகும் வழியிலேயே ரோட்டோரத்தில் அசரங்கா அருவி விழும். காரை விட்டு இறங்கினால் போதும். முந்தின நாள் மழை பெய்திருந்தால்தான் அது அருவி, மற்ற நாளில் ஒழுக்கு.

குகைகளுக்குள் கடல் வற்றியிருக்கும்போது மட்டும்தான் போக முடியும். இதில் மூன்று தப்பு திரும்பத் திரும்ப நடக்கிறது.

ஒன்று, நேரக் கணக்கு. சில ஓத அட்டவணைகள் (கடல் ஏறும், வற்றும் நேரத்தைச் சொல்பவை) வருஷம் முழுக்க கிரீன்விச் நேரத்தில் இருக்கும். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை அயர்லாந்தின் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். அட்டவணையில் தாழ் ஓதம் 1:00 என்றால் கைக்கடிகாரத்தில் 2:00. ஒரு மணி நேரம் முன்னதாகப் போய் நின்று 'தண்ணி வத்தவே இல்லை' என்று திரும்புவார்கள். அட்டவணையில் ஏற்கெனவே கூட்டியிருந்து, நாமும் ஒருதரம் கூட்டினால் அது ஆபத்து: வற்றி முடிந்து கடல் ஏறும்போது உள்ளே போகிறோம். எந்த நேரம் என்று அட்டவணைத் தலைப்பில் சின்ன எழுத்தில் போட்டிருக்கும், அதை முதலில் படியுங்கள்.

இரண்டு, தண்ணீர் ஒரே சீராக ஏறும் என்ற நினைப்பு. ஏற்றம் ஆறு மணி நேரம் என்றால் முதல் மணியில் பன்னிரண்டில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று, பிறகு இரண்டு, ஒன்று. இந்தக் கரையில் பெரிய ஓதத்தின்போது வித்தியாசம் சுமார் மூன்றரை மீட்டர். முதல் மணியில் 30 சென்டிமீட்டர் கூட ஏறாது, 'இன்னும் நேரம் இருக்கு' என்று தோன்றும். மூன்றாவது மணியில் மட்டும் 85 சென்டிமீட்டருக்கு மேல் ஏறும். மணல் மட்டமாக இருப்பதால் தண்ணீர் எதிரிலிருந்து மட்டும் வராது. பக்கத்துப் பள்ளத்தில் நிரம்பி முதலில் முதுகுப்பக்கத்தை அடைக்கும்.

மூன்று, அமாவாசை, பௌர்ணமி. அதை ஒட்டி ஓரிரு நாள் கழித்து கடல் வற்றுவதும் அதிகம், ஏறுவதும் அதிகம். குகை பார்க்க நல்ல நாளும் அதுதான், சிக்கிக்கொள்ளும் நாளும் அதுதான்.

நடைமுறை: தாழ் ஓதத்துக்கு இரண்டு மணி முன்னால் மணலில் இறங்குங்கள், தாழ் ஓத நேரத்தில் திரும்பிக்கொண்டிருங்கள். கடலில் பெரிய அலை இருக்கும் நாளில் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது; காரிலேயே இருந்துவிடுங்கள்.

குளியல் பற்றி ஒரே வரி. மர்டர் ஹோல் என்று படத்தில் அழகாக வரும் கடற்கரை பார்க்க மட்டும், உள்ளிழுப்பு பலமானது. நீந்த ஆசையென்றால் உயிர்காப்பாளர் இருக்கும் கடற்கரையில், சிவப்பும் மஞ்சளும் கலந்த கொடிகளுக்கு நடுவில்.

மலையேறி எழுதியது:

பெயரைத் தமிழில் பார்த்துவிட்டு விண்ணிலிருந்து விழுந்ததா என்று கேட்க வேண்டாம். எரிகல் என்பதற்கு ஐரிஷில் சிறு வழிபாட்டுக் கூடம் என்று பொருள். 751 மீட்டர், மாவட்டத்திலேயே உயரம். டன்லூயி அருகே ஆர்251 சாலையோரக் கார் நிறுத்தத்திலிருந்து ஏறலாம். போக, வர நான்கரை கிலோமீட்டர்தான். நேரம் மட்டும் இரண்டரை முதல் மூன்று மணி. முன்பு அடிவாரம் முழுக்க கரிச்சேறாக இருந்தது, மிதித்து மிதித்து மலையே புண்ணாகிவிட்டது. இப்போது கல் பாவிய பாதை போட்டிருக்கிறார்கள். சேற்றைத் தவிர்க்கிறேன் என்று புல்லில் இறங்காதீர்கள்.

மேல்பாதி உதிரிக் கல். ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம்; முட்டிவலிக்காரர்கள் ஊன்றுகோல் இரண்டு கொண்டு போகலாம். உச்சி இரண்டு. நடுவில் ஒடுக்கமான குறுகிய வரப்பு. மூட்டம் இறங்கினால் அந்த வரப்பில்தான் திசை குழம்பும், வேறு பக்கம் இறங்கிவிடுவார்கள். முதல் உச்சியில் நின்றே ஏறி வந்த பாதை எந்தப் பக்கம் என்று கைப்பேசியில் குறித்துக்கொண்டு பிறகு நகருங்கள். கீழே வெயிலடித்தாலும் உச்சியில் தொப்பி போட்ட மாதிரி மேகம் உட்கார்ந்திருக்கும். அரை மணி பொறுத்தால் விலகினாலும் விலகும்.

ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது. குடை சுத்த வீண். ஜூனில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருப்பதால் சாயங்காலம் ஐந்துக்கு ஏறலாம். டிசம்பரில் நாலு மணி சுமாருக்கே பொழுது விழுந்துவிடும்.

பின்சீட்டு எழுதியது:

மாலின் பெக் வேற, மாலின் ஹெட் வேற! சில்வர் ஸ்ட்ராண்ட் கடற்கரை இருப்பது மாலின் பெக், தென்மேற்கு மூலை, 170 படிக்கு மேல் இறங்கணும். மாலின் ஹெட் வட கோடி. இரண்டாம் உலகப் போர்க்கால விமானிகளுக்காகத் தரையில் வெள்ளைக் கல்லில் பதித்த 'ஐரே 80' (ஐரே: அயர்லாந்தின் ஐரிஷ் பெயர்; 80: அங்கிருந்த காவல் சாவடியின் எண்) இருப்பது இங்கேதான். இரண்டுக்கும் நடுவில் ஏறக்குறைய மூன்று மணி நேர ஓட்டம். மேப்பில் 'மாலின்' என்று தட்டி முதலில் வருவதை அழுத்தினால் ஒரு நாள் போச்சு.

லெட்டர்கெனி எழுதியது:

சரியாகச் சொன்னீர்கள். கிளென்வே தேசியப் பூங்காவையும் சேர்த்துவிடுகிறேன். நுழைவு இலவசம், கோட்டை சுற்றுலாவுக்கும் ஷட்டிலுக்கும் கட்டணம். ஏரிக்கரையோரமாகக் கோட்டைக்கு மூன்றரை கிலோமீட்டர் சமதள நடை. கோட்டை கட்டிய ஜான் ஜார்ஜ் அடேர் 1861-இல் 244 குடியானவர்களை வீட்டை விட்டுத் துரத்தியவர். தோட்டத்து அழகைப் பார்க்கும்போது அதுவும் நினைவில் இருக்கட்டும்.

மே முதல் செப்டம்பர் வரை காற்றில்லாத ஈரமான காலையிலும் மாலையிலும் மிட்ஜ் என்ற பொடிக்கொசு மொய்க்கும். லேசான காற்று அடித்தாலே பறக்க முடியாமல் போய்விடும், அதனால் மரத்தடியை விட்டு வெட்டவெளிக்கு வாருங்கள். மான் திரியும் இடம், உண்ணியும் உண்டு, லைம் நோய் பரப்பும். பெரணிச் செடிக்குள் நடந்திருந்தால் இரவு முட்டிக்குப் பின்னாலும் இடுப்பிலும் தடவிப் பாருங்கள். ஒட்டியிருந்தால் எண்ணெய், நெருப்பு எதுவும் வேண்டாம். மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுக்க வேண்டும்.

அவசர எண் 112 அல்லது 999. கடல் என்றால் கோஸ்ட் கார்டு, மலை என்றால் மவுண்டன் ரெஸ்க்யூ என்று கேளுங்கள்.